எல்லா அறையிலும் திறந்திருந்த விண்டோ

நான் வேலை பார்த்த பத்திரிகையில் இப்போது புதிய மென்பொருள் வந்திருக்கிறது. செய்தி எழுதுவது, திருத்துவது, பக்கம் கட்டுவது, படம் சேர்ப்பது அனைத்தும் ஒரே பிரவுசருக்குள் நடக்கின்றன. டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த சிலர் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் காலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை விண்டோ திறந்து வைத்து வேலை செய்தீர்கள்? கேட்டவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையின் மேல் விளிம்பில் டேப்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தலைப்பின் முதல் எழுத்துகூடத் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றேன். கிளிக் பண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் சார் என்றார்.

அன்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். எண்ணிக்கையைச் சொன்னால் அது பதில் ஆகாது. விண்டோக்களை எப்படி அடுக்குவது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அந்த அடுக்கில் ஒரு நாள் ஒரு மனிதர் அகப்பட்டுக்கொண்டார். இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மும்பைத் தமிழர்களுக்கான மாலைப் பத்திரிகை. மதியம் அச்சுக்குப் போகும். மாலையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஸ்டேஷன் வாசல்களில் விற்பனைக்கு வரும். அலுவலகம் சுனாபட்டியில் ஓர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் இரண்டாவது மாடி. கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறை. அந்த வாடை எங்கள் பேப்பரிலும் அடிக்கும் என்று விற்பனைக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

நான் அங்கே எழுத்து அடிப்பவனாகச் சேர்ந்தேன். அடித்த பத்திகளைப் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, பசை தடவிப் பக்கம் கட்டியவர்களிடம் வேலை பழகினேன். பசை போய்த் திரையிலேயே பக்கம் கட்டும் முறை வந்தபோது அதையும் பழகினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பக்க வடிவமைப்புக்கு என்னைப் பொறுப்பாகப் போட்ட சமயத்தில் லலிதா மேடம் செய்தி ஆசிரியராக வந்தார்.

மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் நெடுங்காலம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். மற்றவர்களின் மவுஸைத் தொடமாட்டார். நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று திரையைப் பார்ப்பார். முதல் நாள் நின்றது என் நாற்காலிக்குப் பின்னால்.

"இது என்னத்துக்குத் தொறந்திருக்கு?"

ஏஜென்சி செய்திகள் வரும் விண்டோ என்றேன்.

"அது?"

முந்தைய நாள் பக்கம். ஒரு தலைப்பைப் பார்க்கத் திறந்தது என்றேன்.

"பார்த்தாச்சோன்னோ?"

"பாத்தாச்சு மேடம்."

"அப்போ மூடிடுங்கோ."

இப்படி ஒவ்வொரு விண்டோவாகக் கேட்டார். என்னால் காரணம் சொல்ல முடிந்தவை தங்கின. மற்றவற்றை நானே மூடினேன். கடைசியில் திரையில் நான்கு மிஞ்சின. அதில் ஒன்றுக்கு நான் சொன்ன காரணம், அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தபோது எனக்கே சரியாகப் படவில்லை. அதையும் மூடினேன்.

தினமும் காலையில் எல்லா நாற்காலிகளுக்குப் பின்னாலும் இது நடந்தது. டெஸ்க்கில் என்னோடு பக்கம் கட்டியவர் செல்வராணி. தாராவியில் பிறந்தவர், வேலையில் வேகம், வாயும் அப்படியே. மேடம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "அண்ணாச்சி, ஜாடு போட்டாச்சு, இனி கோலம் போடலாம்" என்பார். ஜாடு என்றால் விளக்குமாறு. மேடம் காதிலும் இது விழுந்திருக்க வேண்டும். ஒரு நாள் செல்வராணியின் திரையைப் பார்த்துவிட்டு, "மூலையிலே இன்னும் குப்பை இருக்கு, பெருக்கிடு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அறைகளைக் கொண்டுவந்தவரும் அவர்தான். எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்தது இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். ஒரே திரைக்குள் பல தனித்தனித் திரைகளை வைத்துக்கொள்ளும் வசதி அதில் முன்பே உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு விசைகளை அழுத்தித் தாவலாம். வசதியின் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தாராவியில் வீட்டை ரூம் என்றுதான் சொல்வார்கள். செல்வராணி இதையும் ரூம் என்றார், அதுவே நிலைத்தது.

மேடம் போட்ட ஒழுங்கு இது. ஒரு பக்கத்துக்கு ஓர் அறை. அறையின் எண்ணும் பக்கத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் பக்கம் மூன்றாம் அறையில்தான் திறக்கும். அறைக்குள் இடப்பக்கம் முழுவதும் பக்கம், வலப்பக்கம் மேலே செய்தியின் மூலப் பிரதி. எந்த விண்டோவும் இன்னொன்றை மறைக்கக் கூடாது. மெயில், வாட்ஸப், ஏஜென்சி மூன்றும் கடைசி அறையில். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவை நம் அறைக்கு வரக் கூடாது. வேலை முடிந்த அறையை உடனே காலி செய்ய வேண்டும். "எந்த ரூமுக்குள்ளே போனாலும் கண்ணை எங்கே வைக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்" என்பார். கையும் பழகிவிட்டது. தேடுவது என்ற வேலையே இல்லாமல் போனது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. வலப்பக்கம் கீழே ஒரு விண்டோ எல்லா அறைகளிலும் தெரியும்படி ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்றைய படங்கள் சிறு சிறு கட்டங்களாக அதில் வரிசையாக நிற்கும். ஒரு படத்தைக் கிளிக் செய்தால் அதைச் சுற்றி நீலக் கோடு விழும். பிறகு நாம் கட்டும் பக்கத்தில் படத்துக்காகக் காலியாக விட்ட கட்டத்தைக் கிளிக் செய்து ஒரு விசையை அழுத்தினால் நீலக் கோடு போட்ட படம் அங்கே போய் உட்காரும். நாம் எந்த அறைக்குப் போனாலும் படங்களின் விண்டோ கூடவே வரும். அப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் மெஷின்கள் பழையவை. அறைக்கு ஒரு படத்தொகுப்பைத் திறந்தால் நினைவகம் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் ஓடும். இந்த யோசனையும் மேடத்தினுடையதுதான்.

அது எவ்வளவு உதவியது என்பது ரயில்கள் நின்றுபோன ஒரு மழை நாளில் தெரிந்தது. அச்சுக்குப் போகச் சிறிது நேரமே இருந்தபோது நிருபர்களிடமிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. குர்லாவில் தண்டவாளம் தெரியாத தண்ணீர், சயானில் பஸ்ஸின் கூரை மேல் ஆட்கள். முதல் பக்கம், மூன்றாம் பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் உடைத்துத் திரும்பக் கட்டினோம். அறைக்கு அறை தாவி, கூடவே வரும் படங்களிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே போனோம். மும்பையின் மற்ற மாலைப் பத்திரிகைகள் அன்று தாமதமாக வந்தன. நாங்கள் தாமதிக்கவில்லை. முதலாளி எல்லோருக்கும் வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். மேடம் தன்னுடையதை மேசையில் வைத்துவிட்டு ஜாடு போடக் கிளம்பினார்.

அதே மழையில்தான் இசக்கிப்பாண்டி எங்கள் கண்ணில் பட்டார். தாராவியிலிருந்து மாட்டுங்காவிலும் சயானிலும் உள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் மஞ்சள் வேனின் சொந்தக்காரர், ஓட்டுநரும் அவரே. வண்டி தண்ணீரில் நின்றபோது பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கடையின் மாடிப்படியில் உட்கார வைத்திருக்கிறார். பெற்றோர் வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். மழை ஓய்ந்த பிறகு இது எங்கள் நிருபருக்குத் தெரியவந்தது. அவர் போய்ப் பேசி எழுதி, வேனின் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்து அனுப்பினார். ஐந்தாம் பக்கத்துக்கு என்று முடிவாயிற்று.

அந்தப் பக்கத்தைச் செல்வராணி கட்டிக்கொண்டிருந்த காலையில் வேறொரு செய்தி வந்தது. கிழக்குப் புறநகரில் ஒருவர் குடித்துவிட்டு ஸ்கூல் வேன் ஓட்டி ஸ்கூட்டரில் மோதிவிட்டார். கைது. அவரும் மஞ்சள் வேனின் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்தி அகலம்.

மாலையில் பத்திரிகை வெளியானது. இடமில்லாமல் வெள்ளச் செய்தி மறுநாளைக்குத் தள்ளிப்போயிருந்தது. மறுநாள் காலை, டெஸ்க் நிரம்புவதற்கு முன்பே, இசக்கிப்பாண்டி படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த எங்கள் பேப்பர். யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். படம் போடுகிறவர்களை என்றார். அவரை மேடத்திடம் அழைத்துப் போனேன்.

பேப்பரை விரித்து மூன்றாம் பக்கத்தை மேசையில் வைத்தார்.

"மேடம், நா இசக்கிப்பாண்டி. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவன் நாந்தான்னு போட்டிருக்கிய. நா குடிக்கதே இல்ல."

மேடம் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. காலையில் வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு போனதாகவும், முதல் சந்தில் ஆரன் அடித்தும் யாரும் பிள்ளையை அனுப்பவில்லை என்றும் சொன்னார். அடுத்த சந்திலும் அப்படியே. ஒரு வீட்டில் மட்டும் கதவைத் திறந்து, அப்பா கொண்டுபோய் விட்டுக்கொள்வார் என்றிருக்கிறார்கள். காலி வண்டியைச் சுனாபட்டிக்கு ஓட்டி வந்துவிட்டார்.

தவறு எங்களுடையது, இன்றே திருத்தம் போடுகிறோம் என்றார் மேடம். எங்கள் வழக்கப்படி திருத்தங்கள் இரண்டாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், கட்டத்துக்குள் வரும். அதை எடுத்துக் காட்டினேன்.

இசக்கிப்பாண்டி அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அண்ணாச்சி, என் வண்டியில வார பிள்ளையளோட அம்மா அப்பால்லாம் இங்கனயே பிறந்தவங்க. தமிழ் பேசுவாவ, படிக்கத் தெரியாது. உங்க பேப்பர அவங்க வாங்கல. அதுல ஒரு வீட்டு மாமனாரு வாங்கி வாசிச்சிச் சொல்லியிருக்காரு. இவங்க படத்தப் பிடிச்சி வாட்ஸப்புல போட்டுட்டாவ. இந்தப் பொடி எழுத்த எவன் படிக்கப் போறான்?"

அவரிடமே அந்தப் படம் வந்து சேர்ந்திருந்தது. போனில் காட்டினார். எங்கள் பக்கத்தின் ஒரு மூலை, அவர் முகம், வேன். மேலே இந்தியில் ஒரு வரி: இவன் நம்ம ஏரியா வேன் அங்கிள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம் அதை வாசித்தார். பிறகு, படம் எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டு மற்றதைப் பேசலாம், நீங்கள் இருந்து பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னார். வெளியாரை டெஸ்க்கில் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. இதற்குள் செல்வராணி வந்திருந்தார். விஷயம் படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. யார் மேல் தவறு என்று மேடம் கேட்கவில்லை.

"நேத்து காத்தால இருந்த மாதிரியே எல்லா ரூமையும் தொற. ஒண்ணும் விடாம."

செல்வராணி திறந்தார். ஐந்தாம் அறையில் ஐந்தாம் பக்கம், மூன்றாம் அறையில் மூன்றாம் பக்கம், வலப்பக்கம் மேலே செய்திகள், கடைசி அறையில் மெயில். முந்தைய நாளின் படத்தொகுப்பு எல்லா அறைகளிலும் கீழே வந்து நின்றது. எதுவும் எதையும் மறைக்கவில்லை. ஒழுங்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

மேடம் சொன்னபடி செல்வராணி ஐந்தாம் அறையில் இசக்கிப்பாண்டியின் படத்தைக் கிளிக் செய்தார். அந்த நேரத்தில்தான் முந்தைய நாள், மூன்றாம் பக்கம் முதலில் போக வேண்டும் என்று மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். செல்வராணி மூன்றாம் அறைக்குத் தாவினார். படத்தொகுப்பைக் கீழ்நோக்கி உருட்டி, கைதானவரின் படத்தைக் கண்டுபிடித்து, கிளிக் செய்து, பக்கத்தில் வைத்தார். சரியான படம் வந்தது. திரும்பச் செய்யச் சொன்னார் மேடம். மறுபடியும் சரியாக வந்தது.

"நீ பயந்துண்டு பண்றே. அதான் சரியா வர்றது. என்னோட பேசிண்டே பண்ணு."

நின்ற இடத்திலிருந்தே, மகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறாய், காலையில் டிபன் என்ன கட்டினாய், உன் மாமியார் மும்பை வந்தாரா என்று கேட்டார். செல்வராணி முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். மாமியார் பேச்சு வந்ததும் கொஞ்சம் இளகினார். "எங்க மேடம், வாரேன் வாரேன்னு போன்லதான் வாராவ" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாம் அறையிலிருந்து மூன்றுக்குத் தாவினார். படத்தொகுப்பைக் கீழ்நோக்கி உருட்டினார். கைதானவரின் படம் வந்தது. கண்ணால் பார்த்தார். படத்தின் கீழே இருந்த பெயரைச் சரிபார்த்தார். மூன்றாம் பக்கத்தின் காலிக் கட்டத்தைக் கிளிக் செய்து விசையை அழுத்தினார்.

"எம் படம் வந்துட்டு" என்றார் இசக்கிப்பாண்டி.

அவர்தான் முதலில் பார்த்தார். வேகத்துக்காகப் பக்கத்தில் படங்கள் மங்கலாகத் தெரியும்படி வைத்திருந்தோம். மஞ்சள் வேனும் பக்கத்தில் ஒரு மனிதரும் இருப்பது தெரியும், முகம் புரியாது. தன் முகத்தைத் தெரிந்தவருக்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது. அச்சுக்கு முன் எடுக்கும் பிரதி கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்தவர்கள் இரண்டு ஓட்டுநர்களையும் நேரில் கண்டதில்லை. படம் எடுத்த நிருபர் அப்போது வெளியே இருந்தார்.

நடந்தது இதுதான். செல்வராணி இரண்டாவது படத்தைப் பார்த்தார், கிளிக் செய்யவில்லை. சற்று முன் ஒரு படத்தைக் கிளிக் செய்த நினைவு கையில் இருந்தது. அந்த நீலக் கோடு இசக்கிப்பாண்டியின் மேல் இருந்தது, ஆனால் அவர் படம் மேலே தள்ளப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருந்தது. அறை மாறினால் பக்கம் மாறுகிறது, செய்தி மாறுகிறது. கூடவே வரும் விண்டோ மட்டும் போன அறையில் நாம் தேர்ந்தெடுத்ததை இந்த அறைக்கும் கொண்டுவந்துவிடுகிறது. மற்ற விண்டோக்கள் எல்லாம் கலைந்து கிடந்தால் செல்வராணி நிதானித்துப் பார்த்திருப்பார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்ததால் பார்க்கவில்லை.

"அந்த விண்டோவை எல்லா ரூம்லயும் ஒட்டச் சொன்னது நான்" என்றார் மேடம். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "எடுத்துடுங்கோ முருகேசன். ரூமுக்கு ஒண்ணு தனியா வைங்கோ. மெஷின் நின்னா நிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்தோம். அந்தந்தப் பக்கத்துக்கு உரிய படங்கள் மட்டும் அந்தந்த அறையில். மெஷின்கள் நின்றன. நினைவகம் வாங்கித் தர முதலாளிக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை பக்கம் முடிய முடிய அறையை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தோம்.

இனி இசக்கிப்பாண்டியின் காரியம். படமாகப் பரவியதைப் படத்தால்தான் திருத்த முடியும் என்று மேடம் முடிவு செய்தார். அதே மூன்றாம் பக்கம், அதே இடம், அதே அளவு, அதே படம்.

"திரும்பவும் எம் மூஞ்சியா?" என்றார் இசக்கிப்பாண்டி. குரலில் கோபம் அப்போதுதான் வந்தது. "கீழ நீங்க ஆயிரம் எழுதலாம் மேடம். படத்த மட்டும் வெட்டி, இன்னொருக்க வந்துட்டான் பாருன்னு அனுப்புவான்."

அதில் நியாயம் இருந்தது. செல்வராணி திரையைப் பார்த்தபடியே, "படத்துக்கு மேலயே எழுதிட்டா? அண்ணன் தாடையத் தொட்டு, நெஞ்சுக்குக் குறுக்க, வேன் மேல போயி முடியுற மாதிரி. வெட்டுனா மூஞ்சியும் சேந்துதான் போவும்" என்றார். எழுதியும் காட்டினார். தாடையைத் தொட்டு ஆரம்பித்து வேனின் மஞ்சள் பக்கம் வரை பெரிய எழுத்து. தமிழில் எழுதியிருந்தார்.

"இந்தியிலே போடு" என்றார் மேடம்.

எங்கள் பத்திரிகையில் அதுவரை ஓர் இந்தி எழுத்து அச்சானதில்லை. தேவநாகரி எழுத்துருவே எங்கள் மெஷின்களில் இல்லை, தேடிச் சேர்த்தேன். 'இந்த டிரைவர் மீது குற்றம் இல்லை. தவறு எங்களுடையது' என்று இரண்டு வரி, கீழே சிறிதாக அதையே தமிழில். இசக்கிப்பாண்டியிடம் வாசிக்கச் சொன்னார் மேடம். அவர் இந்தியை எழுத்துக் கூட்டி வாசித்தார். தமிழைப் படிக்கவில்லை. போடலாமா என்று கேட்டார் மேடம். அவர் தலையசைத்த பிறகுதான் பக்கம் அச்சுக்கு நகர்ந்தது.

முதலாளி செம்பூரிலிருந்து போன் செய்தார். பக்கத்தின் நகல் அவருக்கு முன்கூட்டியே போகும். தமிழ்ப் பேப்பரில் இந்தி போட்டால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா என்று அவர் கேட்டது, மேடம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நம்ம தப்பைப் பார்த்தவாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார்" என்றார் மேடம். மேலும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி சார், என் பேர்லயே வரட்டும் அந்தப் புகார்" என்று வைத்துவிட்டார்.

புகார்கள் வந்தன. மாட்டுங்காவிலிருந்து சில கடிதங்கள், தாராவியிலிருந்து நேரில் இருவர். மேடம் வந்தவர்களை உட்கார வைத்துப் பேசி அனுப்பினார். திருத்தம் வாட்ஸப்பில் போயிற்று. முதல் படம் போன அளவுக்கு அது போனதா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஐந்தாம் பக்கச் செய்தியை மேடம் நிறுத்தி வைத்திருந்தார். அது அப்படியே இருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடுப்பகலில் கீழே ஆரன் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. எட்டிப் பார்த்தேன். பட்டறை வாசலில் மஞ்சள் வேன் நின்றிருந்தது. உள்ளே சீருடைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதில் வரும் பெண் கதவருகே நின்றார். இசக்கிப்பாண்டி இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார்.

"எல்லாரும் வந்துட்டாளா?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டு வீடு வரல. மத்தவங்க வந்தாச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அந்த ரெண்டு வீட்டுலயும் ஒண்ணும் சொல்லல மேடம். வாசல்ல ஆரன் அடிச்சேன். பிள்ளையள் மாடியில நின்னு கைய ஆட்டிச்சு. அவ்ளோதான்."

வந்த காரியத்தைச் சொன்னார். தன் படம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. அழிப்பதைத் தான் பார்க்க வேண்டும்.

அச்சாகிவிட்ட இரண்டு பக்கங்களின் பிரதிகள் நூலகத்தில் இருக்கும், அவற்றை எடுக்க முடியாது என்று மேடம் மறைக்காமல் சொன்னார். அது போகட்டும் என்றார் அவர், இங்கே இருப்பது போக வேண்டும். செல்வராணி பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த முறை இசக்கிப்பாண்டி உட்கார்ந்தார்.

செல்வராணி முதல் அறையிலிருந்து தொடங்கினார். ஒவ்வோர் அறையாகத் தாவி, திறந்திருந்த படத்தொகுப்பைக் காட்டி, இதில் இல்லை அண்ணே, இதில் இல்லை அண்ணே என்று மூடிக்கொண்டே போனார். மூன்றாம் அறையில் திருத்தத்துக்காகத் தயாரித்த படம் இருந்தது, அழித்தார். மூலப்படம் இருந்த இடத்துக்குப் போய் அழித்தார். குப்பைத் தொட்டியையும் திறந்து காட்டி, காலி செய்தார். இசக்கிப்பாண்டி எல்லாவற்றையும் முன்னால் சாய்ந்து பார்த்தார். கீழே ஆரன் ஒரு தடவை அடித்தது. பிள்ளைகளில் யாரோ அடித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் அறையில் வெள்ளச் செய்தி மிச்சமிருந்தது. படத்துக்கான கட்டம் காலியாக நின்றது, சுற்றிலும் எழுத்து.

"இது உங்களைப் பத்தி நல்லதா எழுதினது. படம் இல்லாமலே போடலாம்" என்றார் மேடம். வாசித்துக் காட்டச் சொன்னார் இசக்கிப்பாண்டி. நான் வாசித்தேன். தண்ணீர் இடுப்பளவு வந்ததையும், ஒரு பெண்பிள்ளை செருப்பைத் தொலைத்துவிட்டு அழுததையும், அதற்குத் தன் செருப்பைக் கொடுத்ததையும் நிருபர் எழுதியிருந்தார். இசக்கிப்பாண்டி கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காவ. செருப்பு மட்டும் நா குடுக்கல, அந்தப் பிள்ளையோட அண்ணன் குடுத்தான்." மேடம் பக்கம் திரும்பினார். "வேண்டாம் மேடம். இதப் போட்டா, அன்னைக்கு வந்தவன்தானே இவன்னு திரும்பப் பேசுவாவ. இப்பதான் பேச்சு நின்னிருக்கு."

மேடம் செல்வராணியைப் பார்த்துத் தலையசைத்தார். செல்வராணி அந்த விண்டோவை மூடிவிட்டு, கோப்பைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் விசையை அழுத்தினார். திரையின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்கு?" என்றார் இசக்கிப்பாண்டி.

"நெசமாவே அழிக்கவான்னு கேக்குது அண்ணே. அழிச்சா திரும்ப வராதாம்."

"ஆமான்னு சொல்லு தாயி" என்றார் அவர்.